முப்பத்தைந்து வோல்ட்

ரோஸ்னாவின் ஆம்ப்ளிஃபையர்
வந்ததிலிருந்து முனகுகிறது.
மைக்கைப் பிடுங்கினாலும் முனகல்,
ஒலியைச் சுழியத்துக்குத் திருகினாலும் முனகல்.
"சனிக்கிழமை புளோக்குக்குக் கீழே கல்யாணம், பாங்.
மாப்பிள்ளை வந்து உட்காரும்போது
இது இப்படி அழுதால்
பெண் வீட்டில் என்ன நினைப்பார்கள்?"

மூடிக்கு ஆறு திருகாணி.
ஐந்து கறுப்பு, ஒன்று வெள்ளி.
எவனோ கைக்குக் கிடைத்ததை முடுக்கியிருக்கிறான்.

உள்ளே தூசி, கரப்பானின் ஒற்றைச் சிறகு,
பிறகு பெரிய மின்தேக்கிகள் இரண்டு
தலை உப்பி, உச்சிக் கீறல் பிளந்து,
ஆறிப்போன கோப்பியின் நிறத்தில் கசிந்து.

செருகியைப் பிடுங்கி ஒரு மணி நேரம்,
மீட்டரில் இன்னும் பதினொரு வோல்ட்.
பெயரே தேக்கி,
கொடுத்தவன் போன பிறகும் விடாது.
கால்களுக்குக் குறுக்கே மின்தடையை வைத்து
எண்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலுறையில் எழுத்து:
4700 மைக்ரோஃபாரட், 35 வோல்ட்.
டிரான்ஸ்ஃபார்மரில் 27 என்றிருக்கிறது.
நேராக்கினால் முப்பத்தெட்டு வரும்,
நள்ளிரவில் நாற்பதும் தொடும்.
எட்டுப் பேர் மின்தூக்கியில் ஒன்பது பேரை ஏற்றி
வருடக்கணக்கில் ஏறி இறங்க வைத்த மடையன் யார்?

"யாரைத் திட்டுறீங்க?"
என்றாள் பத்மாசனி, கணக்குப் புத்தகத்திலிருந்து
தலை தூக்காமல்.

மறுநாள் சிம் லிம் டவர்.
மிஸ்டர் குவா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
"எண்பத்தைந்து டிகிரியா, நூற்றைந்தா?"
நூற்றைந்துக்கு நாற்பது காசு கூட.
இந்த ஊர் வெயிலில், மூடிய பெட்டிக்குள்,
நாற்பது காசில் என்ன கஞ்சத்தனம்.
அறுபத்து மூன்று வோல்ட் இன்னும் நிம்மதி,
ஆனால் உயரம் நாற்பத்தைந்து மில்லிமீட்டர்,
மூடிக்கு அடியில் எனக்கிருப்பதோ நாற்பத்தொன்று.
ஐம்பது எடுத்தேன்.
"பத்தாயிரம் மைக்ரோ போடுங்க, சத்தமே வராது"
என்றான் பக்கத்தில் நின்ற பையன்.
சுவிட்சைத் தட்டும் முதல் நொடி
டையோடு என்ன பாடுபடும் என்று
அவனுக்கு யார் சொல்வது, நான் சொல்லவில்லை,
இருநூற்று முப்பத்தெட்டாம் எண் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

ஈயத்தை உருக்கி உறிஞ்சி
பழையதை இழுத்ததும் பலகையைத் திருப்பினேன்.
ஓரத்தில் நீல மார்க்கரில் ஒரு தேதி.
அருகே இரண்டு எழுத்து.

என் எழுத்து.

ஆறு வருடம் முன்பு.
அப்போது இது அவள் மைத்துனர் ஹம்டானுடையது,
ஸ்டிக்கர் ஒட்டாத கறுப்புப் பெட்டி.
மழை, இரவு பத்தரை, கடைகள் மூடியாயிற்று.
இழுப்பறையில் இருந்தது முப்பத்தைந்துதான்.
"இப்போதைக்கு இது போதும்" என்றேன்.
அந்த இப்போதைக்கு
ஆறு வருடம், எத்தனை கல்யாணம்,
தன் மேல் எழுதியிருந்ததை மீறிச் சுமந்திருக்கிறது.
உப்பிய தலையைக் கட்டைவிரலால் தடவினேன்.

வெள்ளைக் கோடு எதிர்முனைக்கு.
மூன்று முறை பார்த்தேன்.
நான்காவது முறையும்.
அறுபது வாட் பல்பைத் தொடராகக் கோத்து
சுவிட்சைத் தட்டினேன்.
பல்பு ஒரு கணம் விழித்துப் பார்த்து
அடங்கிக்கொண்டது.

ஸ்பீக்கரில் காதை வைத்தால்
மேல்வீட்டில் யாரோ பூண்டு இடிப்பது கேட்கிறது.

ரோஸ்னா வந்தாள்.
"எவ்வளவு, பாங்?"
தேக்கிகளின் விலையை மட்டும் சொன்னேன்.
"கூலி?"
போன தடவையே வாங்கிவிட்டேன் என்றேன்.
அவள் சிரித்தாள்,
அவளுக்கு முன்பே தெரியும் போல.

பழைய தேதியை அழிக்கவில்லை.
அதன் கீழே புதியதை எழுதினேன்.
ஆறாவது திருகாணிக்குத்தான்
இழுப்பறையில் கறுப்பு ஒன்று அகப்படவில்லை.
வெள்ளியையே விரலில் உருட்டிக்கொண்டு,
வாய்வரை வந்த சொல்லை
விழுங்குகிறேன்.