முக்கியமானதை முதலில்

கொம்தார் மூன்றாம் மாடியில் பூன் ஹோக்
பழைய ஹார்ட் டிஸ்கைக் காதருகே வைத்துக் கேட்டான்,
டுரியான் வாங்குகிறவனைப் போல.
"சீக்கு, அக்கா. ரொம்ப நாள் தாங்காது.
சும்மா சும்மா தொறக்காதே.
முக்கியமானத மொதல்ல எடு."
புதியதற்கு இருநூற்றுப் பத்து ரிங்கிட்.
கேபிள் இனாம்.

ஜெலுத்தோங், பதினோராம் மாடி, ஞாயிறு.
கீழே யாரோ ஒரு மோட்டார் சைக்கிளை
உதைத்துக்கொண்டே இருக்கிறார்கள், அது கிளம்புவதாயில்லை.
சாப்பாட்டு மேசைமேல் இரண்டையும்
கேபிளால் பிணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.
மீதமுள்ள நேரம்: இரண்டு மணி நாற்பது நிமிடம்.
பிறகு ஒன்பது நிமிடம்.
பிறகு மூன்று நாள்.
"இதோ வந்துட்டேன்" என்று போனில் சொல்வாரே
கவியனுடைய அப்பா, அந்தக் கணக்கு.

முக்கியம் என்றால் எது?
வருமான வரி ரசீதுகள்.
விவாகரத்துத் தீர்ப்பின் ஸ்கேன், இரண்டு பிரதி.
'புதிய கோப்புறை' என்று ஒன்று,
அதற்குள் 'புதிய கோப்புறை 2',
அதற்குள் 3,
அதற்குள் ஒரே ஒரு வாழைப்பழக் கேக் செய்முறை.
யாருக்குப் பயந்து இவ்வளவு ஆழத்தில் புதைத்தேனோ.

பாயான் லெப்பாசில் பத்தொன்பது வருடம்
இந்தப் பெட்டியின் உள்ளேதான் எனக்கு வேலை.
உச்சி முதல் பாதம்வரை வெள்ளை உடுப்பு,
கண் மட்டும் வெளியே.
பவுடர் கூடாது. மை கூடாது.
தீபாவளிக்கு மறுநாள் தலையில் மல்லி வாசம் என்று
வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவள் நான்.
தட்டுக்கும் அதன்மேல் பறக்கும் தலைக்கும் நடுவே
ஒரு கைரேகை விழுந்தால் அது மலை,
விமானம் மோதி நொறுங்குகிற மலை,
என்று பயிற்சியில் படம் காட்டினார்கள்.
தும்மல் வந்தால் வரிசையை விட்டு ஓடவேண்டும்.
மூச்சை முகமூடிக்குள்ளேயே விட்டு
முகமூடிக்குள்ளேயே திரும்ப வாங்கிக்கொண்டோம்.

இதுவும் என் கையைத் தாண்டிப் போனதுதானா?
புரட்டிப் பார்த்தேன்.
எங்கள் ஆலை. வருடம் இருக்கிறது, வாரம் இருக்கிறது.
கை யாருடையது என்று அச்சிடும் வழக்கமில்லை.

அறுபத்தெட்டு சதவீதத்தில்
டிக். டிக்.
அந்தச் சத்தம் தெரியும். கேட்டால்
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவோம்.
படிக்க முடியவில்லை. மீண்டும் முயலவா? தவிர்க்கவா?
ஆலை மூடுவதற்கு முந்தின மாதம்
ஹோட்டலில் வைத்த டின்னர், வீடியோ.
மூன்று தரம் முயன்றேன்.
நான்காம் தரம் கும்பிட்டுவிட்டு முயன்றேன்.
தவிர்.

ரோஸ்னானிக்கு வாட்ஸ்ஆப் போட்டேன்.
"எந்த டின்னர்? செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
நீ ஆடினாயே, அதுவா?"
ஐந்து நிமிடத்தில் வந்து சேர்ந்தது,
எத்தனையோ கை மாறி மெலிந்து
தபால் தலை அளவாக.
முப்பது பேர். முகமூடி இல்லாமல்.
பல் தெரிகிறது, லிப்ஸ்டிக் தெரிகிறது.
கண்கள்தான் கரைந்து சாம்பல் புள்ளிகள்.
கண்ணை வைத்தே ஆளறிந்தவளுக்கு
யார் லீலாவதி, யார் சியூ லிங் என்று
கடைசிவரை பிடிபடவில்லை.
என்னைக் கண்டுபிடித்தேன், செருப்பால்.

புதியதில் எதுவும் சுழல்வதில்லை.
சத்தம் கிடையாது, சூடும் கிடையாது.
நல்லதுதான். தலை எப்போது விழுமோ என்று
பயந்த வரைக்கும் போதும்.

ராத்திரி கவியனின் ஸ்குரூ டிரைவரால்
பழையதைத் திறந்தேன்.
'திறந்தால் உத்தரவாதம் செல்லாது' ஸ்டிக்கர்
நடுவில் கிழிந்தது.
தட்டு பளபளவென்று.
பத்தொன்பது வருடத்தில் ஒருநாளும்
அதில் என் வாய் தெரிந்ததில்லை.
குனிந்தேன்.
ஹா என்று ஊதினேன்.
வெள்ளையாய்ப் படர்ந்து
ஓரத்திலிருந்து மெல்லச் சுருங்கி
மறைந்தது.

இன்னொரு தரம்.