ஐந்தாம் மெட்டு

டுலூத்தில் ஏரி உறைந்து கிடந்த வாரம்
இரண்டு கிட்டார்களையும் போர்வையில் சுற்றி
காரின் பின்னிருக்கையில் கிடத்தி
பெல்ட் மாட்டிவிட்டேன்.
சிரிக்க வேண்டாம்.
இரும்புத்தாது ஏற்றும் கப்பலில் முப்பத்தொரு வருடம்
அடுப்படியில் நின்றவன் நான்.
எது சாயும், எது சரியும் என்று
என் முழங்காலுக்குத் தெரியும்.

சிக்னே ஹால்வர்சன் வாசலிலேயே தடுத்தாள்.
உடனே திறக்காதே.
பெட்டிக்குள் இன்னும் வெளிக்குளிர் இருக்கிறது,
அறையோடு அது பழகட்டும்.
ஒரு மணி நேரம் காப்பி குடித்தோம்
மெதுவான குரலில்,
அழுது ஓய்ந்து தூங்கும் பிள்ளைகள் பக்கத்து அறையில்
இருப்பதைப் போல.

சின்னது ஐம்பத்திரண்டில் செய்தது.
பிரடை ஒன்றில் பல் தேய்ந்திருந்தது, அவ்வளவே.
இதற்கு நீ வந்திருக்கவே வேண்டாம் என்றாள்.

பெரியது முப்பத்தேழு.
பல் வைத்தியரின் குட்டிக் கண்ணாடியைத்
துளைக்குள் விட்டாள்.
விளக்கை விட்டாள்.
பிறகு மூக்கையே வைத்து முகர்ந்தாள்.
நெடுநேரம் கழித்துக் கேட்டாள்:
யார் இதை ஒட்டியது?

என் அண்ணன் லைல்.
எண்பத்தெட்டாம் வருடம், தேங்க்ஸ்கிவிங் இரவு,
சோபாவில் இருந்ததைப் பார்க்காமல்
அதன்மேல் உட்கார்ந்தவனும் அவன்தான்.
விடியும்வரை கராஜில் விளக்கெரிந்தது.
படகின் அடிப்பலகைக்குப் பூசும் எப்பாக்ஸியை
ஒரு டப்பா முழுக்கக் கொட்டியிருந்தான்.
காலையில் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான்.
நான் வாங்கிக்கொண்டேன்.
நன்றி சொல்லவில்லை.
அதற்குப் பிறகும் எதுவும் சொல்லவில்லை.
அந்த வருடம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

சிக்னே கைவிளக்கை அணைத்தாள்.
வச்சிரம் என்றால் கவலையில்லை,
கொஞ்சம் சூடு, கொஞ்சம் ஈரம் காட்டினால்
தானே விட்டுக்கொடுக்கும்.
பழைய ஆட்கள் அதனால்தான் அதை வைத்தார்கள்:
என்றாவது ஒருவன் பிரிக்க வேண்டியிருக்கும் என்று.
இது பிடித்தால் பிடித்ததுதான்.

ஆறு வாரம்.
நடுவில் ஒருமுறை போன் செய்தாள்.
எல்லாம் எடுத்தாகிவிட்டது,
உள்ளே ஒரு சட்டத்தின் இடுக்கில்
பயறளவு ஒரு சொட்டு மட்டும் நிற்கிறது.
சுரண்டினால் மரமும் கூட வரும்.
விடட்டுமா?
விடு என்றேன்.
போனை வைத்த பிறகும்
சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மார்ச் கடைசியில் போனபோது
முதல் கப்பல் தூக்குப்பாலத்துக்கு ஊதிக்கொண்டிருந்தது.
விரிசல் இருந்த இடத்தில்
தலைமுடியளவு ஒரு கோடு.
மறைக்கவில்லை, பார் என்றாள்.
என் முன்கை தேய்த்துத் தேய்த்து
வார்னிஷ் போன இடத்தையும் அப்படியே விட்டிருந்தாள்.

வாசித்தேன்.
அடிவயிற்றிலிருந்து வந்தது சத்தம்.
பாதிப் பாட்டில் அவள் கையைத் தூக்கினாள்.
ஏன் அங்கே தாண்டுகிறாய்?

எங்கே?

மூன்றாம் தந்தி, ஐந்தாம் மெட்டு.

அப்போதுதான் என் விரலை நானே பார்த்தேன்.
அவன் ஒட்டிய நாளிலிருந்து
அந்த மெட்டில் அழுத்தினால் ஈ மாட்டியதுபோல் ரீங்கரிக்கும்.
விரல் அதைச் சுற்றிப்போகக் கற்றுக்கொண்டது,
தெருவில் கடன்காரனைக் கண்டவன் மாதிரி.
எந்தப் பாட்டானாலும் அந்த ஸ்வரத்தில் ஒரு பள்ளம்.
பாட்டே அப்படித்தான் என்று கேட்டவர்கள் நினைத்தார்கள்.
நானும்.

இப்போது ரீங்காரம் இல்லை, அழுத்து என்றாள்.
அழுத்தினேன்.
தெளிவாக ஒலித்தது. அவ்வளவுதான்.
ஆனால் மறுசுற்றில் விரல் மறுபடி தாண்டியது.
இதற்கு என்னிடம் உளி இல்லை
என்று பில் எழுதப் போனாள்.

பில்லில் ஒரு வரி:
முந்தைய ஒட்டை நீக்க, பதினோரு மணி நேரம்.
மற்ற எல்லா வேலையும் சேர்ந்தால்கூட
அவ்வளவு இல்லை.

பின்னிருக்கையில் இரண்டுக்கும் பெல்ட் மாட்டினேன்.
அந்தப் பதினோரு மணி நேரத்தில்
பாதிப் பணமாவது லைல் தரவேண்டும்.
அதுதானே நியாயம்.
அரிசோனாவில் எங்கேயோ இருக்கிறான்.
முகவரி வேண்டும்.
முகவரிக்கு யாரையாவது கேட்க வேண்டும்.