எட்டும் தூரம்

"கம்பெனி வேற நாடு, சர்வரும் அங்கதான்.
நம்ம சட்டம் கடல் தாண்டாதும்மா" என்கிறார்
ஏட்டு வேடியப்பன். நல்ல மனுஷர்.
டீ சொல்கிறார். மின்விசிறியை என் பக்கம் திருப்புகிறார்.
மேசையில் என் தங்கையின் முகம்
வேறு யாருடைய உடம்பிலோ.
மனுவோடு இணைத்திருக்கிறேன், கவிழ்த்து.

எனக்கு மாங்கூழ் ஆலையில் வேலை,
காவேரிப்பட்டணம் ரோட்டில், பரிசோதனைக் கூடம்.
போன ஐப்பசியில் ஒரு கண்டெய்னர்
அந்தக் கரை வரை போய்த் திரும்பி வந்தது.
பூச்சிமருந்து, கோடியில் ஒரு பங்கு கூடுதலாம்.
அவர்கள் ஊர்ச் சட்டம்.
கடல் தாண்டி, டோல்கேட் தாண்டி
சந்தூரில் மாதையன் தோப்புக்குள் நுழைந்து
பெங்களூரா மரத்தடியில் நின்று கேட்டது:
எந்தக் கிழமை தெளித்தாய்?
மாதையனும் நோட்டை எடுத்துக் காட்டினார்.
வம்பு என்று யாரும் சொல்லவில்லை.
தின்னப்போவது அவர்கள் பிள்ளைகள் ஆயிற்றே.

இதைச் சொன்னேன். ஏட்டு சிரிக்கவில்லை.
"அவ்வளவு தூரம் நீளுற கை
நாளைக்கு உன் வாயையும் பொத்தும். யோசி."
யோசித்தேன். அதுவும் நிஜம்.
போன வருஷம் கூலி கேட்டு நாங்கள் போட்ட வீடியோவை
எடுக்கச் சொல்லி வந்ததும் இதே ஸ்டேஷன்தான்.
இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள்.

மனு ரசீதை மடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.
போனில் தங்கை: "எடுத்துட்டாங்களாக்கா?"
காலையில் நானூறு பேர் பார்த்திருந்தார்கள்.
இப்போது பார்க்கவில்லை நான்.

எடைமேடையில் எங்கள் கூழ் லாரி நிற்கிறது.
தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
டிரைவர் ஓடுகிறார்.