செய்தவர் பெயர்: தெரியாது

தலையணை உறையில் போட்டு எடுத்துவந்தார் லாயிட் மெஸ்ஸர்.
உறையில் மஞ்சள் டெய்சிப் பூக்கள்.
வாயைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது கழுத்து,
சந்தைக்குப் போகிற வாத்து மாதிரி.

"உள்நாட்டுப் போர் காலத்தது"
என்றார், உட்காரும் முன்பே.
எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.
இந்த மேற்கு வர்ஜீனிய மலைகளில்
அந்தப் போரில் சுட்ட குண்டுகளைவிட
வாசித்த பேஞ்சோக்கள் அதிகம்.

கிணறு தோண்டிய கூலிக்கு
பணத்துக்குப் பதிலாக வந்ததாம்.
கொடுத்தவனுக்கு யார் கொடுத்தது?
அவனுடைய மைத்துனன்.
மைத்துனனுக்கு?
லாயிட் கூரையைப் பார்த்தார்.
மேல்மாடி வருமானவரிக்காரர்கள்
நாற்காலிகளை நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.

நதிமூலம் கேட்காதே என்பார்கள்.
எனக்கு அதுதான் பிழைப்பு,
மணிக்கு முப்பது டாலர்.

முதலில் மூக்கு. பூதக்கண்ணாடி அப்புறம்.
மண்ணெண்ணெய், புகையிலை, எலி.
வளையத்தைச் சுற்றி இருபத்துநான்கு கொக்கிகள் வேண்டும்.
இருபத்தொன்று இருந்தன,
அவற்றில் நான்கு வேறு வீட்டுப் பிள்ளைகள்.
வால்பக்கத் திருகாணியின் தலையில் கூட்டல்குறி.
"உங்கள் சிப்பாய்கள் இதைப் பார்த்திருக்க முடியாது,
இது பிறக்க இன்னும் எழுபது வருஷம்" என்றேன்.
"பிற்பாடு மாற்றியிருக்கலாமே?"
இருக்கலாம்.
நாளைக்கு நாற்பது தடவை நான் சொல்லும் வார்த்தை.
அதற்கு யாரும் காசு தருவதில்லை.

கழுத்து மேப்பிள். வட்டம் வேறு ஏதோ மரம்.
ஐந்தாம் முளையின் துளையை ஒருவன் அடைத்திருக்கிறான்,
இன்னொருத்தி மறுபடி துளைத்திருக்கிறாள், நூலளவு தள்ளி.
ஒருத்தி என்று எப்படித் தெரியும்?
தெரியாது.
துளையின் விளிம்பு சுத்தமாக இருந்தது, அவ்வளவுதான்.

கம்பெனிப் பெயர் இருக்கவேண்டிய உள்கட்டையில்
பென்சிலால் ஒரே வரி:
ராஸ்கோவுக்கு இரவல் தராதே.

"அந்த மைத்துனன் பேர் என்ன?" என்றேன்.
லாயிட் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

இதன் வம்சத்தைத் தோண்டிக்கொண்டே போனால்
சுரைக்குடுக்கையில் தோல் இழுத்துக் கட்டிய
ஒன்றில் போய் நிற்கும்.
விலங்கோடு கப்பலில் வந்தவர்கள்
ஞாபகத்திலிருந்து கட்டியது.
அவர்களும் பெயர் எழுதவில்லை. எழுத விடவில்லை.
என் பெயரின் பின்பாதி, கிராப்ட்ரீ,
ஒரு முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் இருந்து வந்தது.
இதை லாயிடிடம் சொல்லவில்லை.
சீட்டில் அதற்குக் கட்டமும் இல்லை.

தோலுக்கும் கட்டைக்கும் நடுவில் எதுவோ தட்டுப்பட்டது.
சாமணத்தால் இழுத்தேன்.
குழந்தையின் காலுறை. ஒற்றை. குதிகாலில் ஒட்டுத்தையல்.

பேஞ்சோ ஊரைக் கூட்டும் சாதி.
துணி திணித்தால் அடங்கும்.
தொட்டிலுக்குப் பக்கத்தில் வாசித்திருக்கிறார்கள்,
அல்லது அன்றைக்குக் கையில் கிடைத்த துணி அது.
"இதனால் விலை ஏறுமா?"
"ஏறாது."
"இறங்குமா?"
அப்படி யாரும் கேட்டதில்லை.

காலுறை இல்லாமல் ஒருமுறை மீட்டினார்.
மேலே நாற்காலிகள் நின்றன.

எழுதினேன். செய்தவர்: தெரியாது. ஊர்: தெரியாது.
காலம்: பல.
மதிப்பு: இருநூற்றிருபது டாலர்.
"அடிமாட்டு விலை" என்றார்.
கன்றுத்தோலில் என் விரல் இருந்தது. ஒன்றும் பேசவில்லை.
"கிணறு எத்தனை அடி?"
"அறுபது."
"தண்ணீர்?"
"வந்தது. கந்தக நாற்றம்."

போனவர் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார்,
தலையணை உறைக்காக.
பெண்டாட்டி எண்ணி வைத்திருக்கிறாளாம்.
காலுறையையும் நீட்டினேன்.
"அது என்னுடையது இல்லையே"
என்றார், வெகு நேர்மையாக,
கழுத்தைப் பிடித்தபடி.

உதிரிக் கொக்கிகள் கிடக்கும் டப்பாவில் போட்டுவைத்தேன்.
அவருடைய நான்கு கொக்கிகளுக்கும்
அங்கே ஜோடி இல்லை. தேடிப் பார்த்தேன்.