கிராவல்

கிராவல் என்றால் எனக்கு லோடு.
மூணு யூனிட், நாலு யூனிட்,
தார்ப்பாய் கட்டாவிட்டால் அபராதம்.
சேலத்துக் கடைக்காரர்
"இது கிராவல் சைக்கிள்" என்றபோது
கேரியர் எங்கே என்று கேட்டுவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.
டயரைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார்.
பதினாலு டயர் வண்டிக்கு
நாக்பூர் வெயிலில் ஸ்டெப்னி மாற்றியவன் நான்.
இரண்டே டயரை ஒரு மனுஷன்
இப்படித் தடவி அன்றுதான் பார்த்தேன்.

சங்ககிரியில் காலை ஐந்தரை.
முகப்பில் எலுமிச்சை காய்ந்துபோன லாரிகள்
இரண்டு பக்கமும்.
நடுவில் கழுத்துத் துண்டோடு நான்.
பட்டறை வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த ஜாபர்
நுரையைத் துப்பிவிட்டுக் கேட்டான்:
"வண்டிய வித்துட்டியா?"

தேவூர் தாண்டினால் வாய்க்கால் கரை.
தொடக்கத்திலேயே
தண்டவாளத் துண்டு இரண்டை
நெட்டுக்குத்தலாய் நட்டிருக்கிறார்கள்.
கார் நுழையாது. டிராக்டரும்.
முப்பத்தோரு வருஷம்
செக்போஸ்ட் ஜன்னல்களில் காகிதம் நீட்டியவன்
ஹேண்டில்பாரைக் கொஞ்சம் சாய்த்து
உள்ளே போனேன்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
நூறு அடி போய்த் திரும்பிப் பார்த்தேன்,
கண்ணாடி இல்லாததால்
கழுத்தே திரும்ப வேண்டியிருந்தது.

தண்ணீர் திறந்து ஒன்பது நாள்.
நான் மேட்டூரைப் பார்த்துப் போகிறேன்,
மேட்டூர் என்னைப் பார்த்து வருகிறது:
நுரை, ஒற்றைச் செருப்பு,
பிரியாமல் மிதக்கும் ஒரு சம்பங்கி மாலை.
இடப்பக்கம் பள்ளத்தில் நாற்றங்கால்.
வலப்பக்கம் மேட்டில் சோளத்தட்டை, பனை, வெள்ளாடு.
நடுவே பன்னிரண்டடிக் கரை.
மேட்டுக்காட்டுக்காரர்கள்
தினமும் இந்தத் தண்ணீரைக்
குனிந்து பார்க்கிறார்கள்.

சரளை நறநறக்கிறது.
பூலாம்பட்டிக்கு முன்னால் ஒரு வளைவில்
திடீரென்று கல்லின் நிறம் மாறியது,
செம்மண் கலந்த பழுப்பு.
இந்தக் கல்லை எனக்குத் தெரியும்.
நேஷனல் பர்மிட் எடுப்பதற்கு முந்தின வருஷம்,
கரை பலப்படுத்தும் கான்ட்ராக்ட்,
ராத்திரி பகலாய் அடித்தோம்.
பின்னால் வந்து, லிவரை இழுத்து,
கொட்டும் சத்தம் முடிவதற்குள் கிளம்பிவிடுவேன்.
கொட்டின இடத்தை ஒருநாளும்
இறங்கிப் பார்த்ததில்லை.

இறங்கினேன்.

ஷட்டர் மேடையில் கிரீஸ் பூசிக்கொண்டிருந்தார்
லஸ்கர் இருசப்பன்.
வார்ப்பிரும்புச் சக்கரம் ஆள் உயரம்,
விளிம்பில் ஏதோ கம்பெனிப் பெயர்,
பாதியைத் துரு தின்றுவிட்டது.
"லாரிக்காரருங்களா?"
எப்படித் தெரியும் என்றேன்.
"சைக்கிள்ல இருந்து
வலப்பக்கமா இறங்குறீங்களே."
சக்கரத்தை ஒரு சுற்றுத் திருப்பச் சொன்னார்.
ஸ்டியரிங்கைவிடக் கனம்.
எங்கோ கீழே, ஒரு கிளை வாய்க்கால்
கொஞ்சம் கூடுதலாய் மூச்சு விட்டது.

"என்னங்க லோடு?" என்று சிரித்தார்.
"காலி வண்டிங்க."
சொன்ன பிறகுதான் உறைத்தது,
காலியாய் ஓடுவது எங்கள் தொழிலில் நஷ்டம்,
அதைச் சொல்லும்போது
குரல் இறங்கும் எல்லோருக்கும்.

வடக்கே அனல்மின் நிலையப் புகைபோக்கிகள்.
அவற்றுக்குப் பக்கத்தில்
புகைக்காத சில இருக்கின்றன,
மூடிய ஆலைகளின் உச்சி.
அங்கே சங்கு ஊதிய காலத்தில்
எந்த ஷிப்டுக்கு எத்தனை ஊதல் என்று
இருசப்பன் ஊதிக் காட்டினார்.
அதற்குமேல் போகவில்லை.
புக்கிங் ஆபீஸ் போன்:
இந்தூர், ஜவ்வரிசி, ராத்திரி எட்டுக்கு.

திரும்பும்போது தண்ணீர் கூடவே வந்தது.
மாலையைக் காணோம்.

ஓமலூர் டோலில் வரிசையில் நிற்கும்போது
இடது செருப்புக்குள் ஏதோ உறுத்தியது.
அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.
தொப்பூர் ஏற்றம் முழுக்க,
கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம்,
அது அங்கேயே இருந்தது.