தொழில் என்னவென்று போடுவது

புஷ்பா தியேட்டர் ஸ்டாப், மேல்மாடி.
ஆடிக் காற்றில் ஃபைல்கள் பறக்காமல்
நூல் கோன் வைத்து அமுக்கியிருக்கிறேன்.
கெடு முடிய இன்னும் மூன்று நாள்.

பான் கார்டில் சவுடேஸ்வரி.
பதினோரு லட்சம் பேருக்குச் சவ்வி அக்கா.
நாலு வருடம் முன்பு
அவிநாசி ரோட்டுக் கம்பெனியில் செக்கிங்,
ஷிப்டுக்கு முந்நூற்று எண்பது.
இப்போது கட்டைப்பையை என் மேசையில் கவிழ்க்கிறாள்:
பில், பில், பில்லே இல்லாத ஒரு மிக்ஸி.

இருபத்திரண்டு வருடமாக இந்த ஊருக்குக் கணக்கெழுதுகிறேன்.
நூல் வந்தால் நிட்டிங்,
அப்புறம் சாயப்பட்டறை, காம்பாக்டிங், கட்டிங், பவர் டேபிள்.
கை மாறும் இடமெல்லாம் ஒரு ஜாப் ஒர்க் பில்.
ஒரு பனியனில்
எங்கே எவ்வளவு மதிப்புக் கூடியது என்று
பைசா சுத்தமாகச் சொல்லிவிடுவேன்.

"உங்களுக்கு மூலப்பொருள் என்னங்க?"
யோசித்தாள்.
"காலைல ஏழு மணி வெயிலுங் சாரு.
மொட்டைமாடில."

எழுதிக்கொண்டேன், பென்சிலில்.

வரவு.
காதர்பேட்டை நைட்டிக் கடை, எட்டு வீடியோ.
ஈரோட்டு மஞ்சள் சோப்பு.
வால்பாறை விடுதியில் இரண்டு இரவு,
பணம் இல்லை, அறையேதான் கூலி.
அதற்கும் வரி உண்டு என்றேன்.
"தூங்குனதுக்குமா?"
பிறகு ஒரு செயலி. அறுபதாயிரம்.

இது என்ன என்றதும்
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
தினம் நூறு போட்டால் நாற்பது நாளில் ரெட்டிப்பு என்று
அவள் வாயால் சொன்னது. மார்கழியில் இழுத்து மூடியது.
அதே டேபிளில் அவளோடு செக்கிங் பார்த்த மரகதம்
போட்டது பதினெட்டாயிரம்.
"வீடியோவ எடுத்துப்போட்டனுங்."
பணம்?
"வூட்டு அட்வான்ஸுக்குப் போயிருச்சுங்."
கொஞ்ச நேரம் கழித்து,
"மரகதத்துக்குத் திருப்பிக் குடுத்தா
செலவுல காட்டலாமுங்களா?"
முடியாது என்றேன்.
"அப்பச் சும்மாதான் குடுக்கோணுமுங்."
கொடுப்பாளா என்று கேட்கும் கட்டம்
படிவத்தில் இல்லை.
அறுபதாயிரம், பிடித்தம் ஆறாயிரம்,
கணக்கு நேராகத்தான் இருக்கிறது.

பையின் அடியில் ஒரு துண்டுச் சீட்டு.
ஆட்டோ, இ.எஸ்.ஐ. ஆபீஸ், போக வர இருநூற்று நாற்பது.
அதற்கு வரவு?
"அது ஓடலீங் சாரு. ஒருத்தரும் காசு குடுக்கல."
டெய்லர் பெண்களுக்குப் பிரசவச் சம்பளம்
இருபத்தாறு வாரம் வாங்குவது எப்படி,
எந்த ஜன்னல், எந்தப் படிவம், எங்கே கையெழுத்து.
ஆறு நிமிடம். சிரிக்காமல் பேசியிருக்கிறாள்.

எனக்கு நினைவு வந்தது.
போன மாதம் ராயபுரத்துக் கம்பெனியில்
நான்கு பெண்கள் படிவத்தோடு வந்து நின்றார்கள்.
ஒருத்தி ஒடிசாக்காரி, தமிழ் தெரியாது,
படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து நிரப்பியிருக்கிறாள்.
முதலாளி எனக்குத்தான் போன் போட்டார்:
"இதுகளுக்கு ஆருங்க சொல்லிக் குடுத்தது?"
தெரியாதுங்க என்றேன்.

அந்தப் படிவம் எனக்கு
இருபத்திரண்டு வருடமாகத் தெரியும்.
அதன் நிறம்கூடத் தெரியும்.
யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை,
கேட்காததற்குச் சொல்லக் கூலியும் கிடையாது.

வரவில்லாத செலவைக் கழித்தால்
அதிகாரி முணுமுணுப்பார்.
இருநூற்று நாற்பதைக் கழித்தேன்.

தொழில் என்ற இடத்தில்
போன வருடம் 'மற்றவை' என்று போட்டிருந்தேன்.
இந்த வருடம் பட்டியலில் இவர்களுக்கென்றே
ஓர் எண் வந்திருக்கிறது.
தேடிப் பிடித்து அழுத்தினேன்.
எண் கிடைத்துவிட்டது,
அவள் என்ன செய்கிறாள் என்பது
இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது.

என் கூலி இரண்டாயிரத்து ஐந்நூறு.
"அதுக்குப் பதிலா உங்களயே ஒரு வீடியோ போட்டுரட்டுங்களா?
இந்தக் காத்து, இந்த நூல் கோனு,
ஷோக்கா இருக்குதுங் சாரு."

பணமாகவே கொடுங்க என்றேன்.
கண்டிப்பாகச் சொன்னேன்.

சொல்லிவிட்டு
சட்டைப் பையில் சீப்பு இருக்கிறதா என்று
தொட்டுப் பார்த்தேன்.