பச்சைப் புள்ளிகள்

மருத்துவர் நாள் கணக்குச் சொல்லவில்லை.
"கடைசிக் கொப்புளம் முளைத்ததிலிருந்து ஐந்து நாள்.
எல்லாம் பொருக்குத் தட்டியிருக்க வேண்டும்.
அதுவரை பள்ளிக்கூடம் கிடையாது."
கடைசி எது என்று எப்படித் தெரியும், என்றேன்.
"அதற்குப் பிறகு ஒன்றும் வராது. அதுதான் கடைசி."
சீட்டில் முத்திரை குத்தும்போது
அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கரகண்டாவில் மார்ச் மாதம்.
பனிமேல் நிலக்கரித் தூசி,
தயிரில் மிளகுப்பொடி தூவியதுபோல.
ஸாவ்ரெஷ் காஸ்பியன் கரைவரை போகும் ரயிலில்
கம்பளி எண்ணிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்,
திரும்ப ஒன்பது நாள்.
அம்மா ரயிலில்.
வீட்டில் அம்மை.
ரொட்டி ஆலையின் இரவு வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு
பஞ்சு சுற்றிய தீக்குச்சியோடு
நான் கட்டிலோரம்.

பச்சை மருந்து, கட்டைவிரல் உயரக் குப்பி.
இங்கே அம்மை கண்ட பிள்ளைக்கு
அதைத்தான் தொட்டு வைப்போம்.
குணமாக்குமா என்றால் தெரியாது,
கணக்குக்கு உதவும்:
நேற்று வந்தது பச்சை,
இன்று வந்தது சிவப்பு.

காலையில் குரலாய் ஜன்னலருகே வந்து நிற்பாள்,
சட்டையைக் கழுத்துவரை தூக்கிக்கொண்டு.
"குளிருது, சீக்கிரம் எண்ணு."
திங்கள் முப்பத்தொன்று.
செவ்வாய் பதினான்கு.
புதன் ஆறு, அதில் ஒன்று நாக்கில்.
வியாழன், எவ்வளவு தேடியும் இல்லை.
ஒரு விரலை மடக்கினேன்.
வெள்ளி காலை இடது காதின் பின்னால்
முடிக்கற்றைக்குள்
பனித்துளிபோல் ஒன்று, பளபளவென்று.
மடக்கிய விரலை நீட்டினேன்.

சனிக்கிழமை பள்ளியில் நவுரூஸ் விழா.
புத்தாண்டுக் கஞ்சிக்கு ஏழு பொருள்,
மேடைக்கு ஏழு பிள்ளைகள்.
என் மகள்தான் தினை.
தண்ணீரும் உப்பும் ஏற்கெனவே தகராறில்
என்று சிரித்தார் தொலைபேசியில் லியூபோவ் கார்லோவ்னா.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"ஒரு மணி நேரம்தானே?
தலையில் அட்டைக் கிரீடம். காதெல்லாம் தெரியாது."

கதவிடுக்கில் நின்று கேட்டிருக்கிறாள்.
"காதுக்குப் பின்னாடி யார் பார்ப்பாங்க?"

பதில் சொல்லாமல் குப்பைப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
இறங்கும்போதே பாதி சம்மதித்துவிட்டேன்
என்பதை ஒளிப்பானேன்.
திரும்பும்போது லிஃப்டில் நாலாம் மாடி அக்மாரல்,
எட்டு மாத வயிறு,
மேல்கோட்டுப் பொத்தான்கள் இரண்டு போடமுடியாமல் திறந்தபடி.
கையில் வெள்ளைப் பஞ்சு ஒட்டிய கம்பளித் தொப்பி.
"என் பையன்தான் பால். நாளைக்கு முதல் வரிசையில் உட்காரப் போறேன்.
வாங்க, இடம் இருக்கு."

படியில் வருகிறேன் என்றேன்.
ஏழு மாடி.
எந்த மாடியில் முடிவெடுத்தேன் என்று நினைவில்லை.
நாலாவது என்றால் கதைக்குப் பொருத்தமாக இருக்கும்.

அழுதாள்.
அழுது, தலையணையைக் குத்தி,
நீ தினையே இல்லை, நீ வெறும் உமி என்று என்னைத் திட்டி,
சோர்ந்து தூங்கிப்போனாள்.

மறுநாள் ஆசிரியை அனுப்பிய படத்தில்
பானையைச் சுற்றி ஆறு பேர்.
பால் பாதியில் மூக்கைத் துடைத்துக்கொள்கிறது.
உப்புக்கும் மாவுக்கும் நடுவே
ஒரு பிள்ளை நிற்கும் அளவு இடம்.
யாரும் நெருங்கி நின்று அதை அடைக்கவில்லை.
குரலாய் அந்த இடத்தை மட்டும்
விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் ஐந்து விரலும் மடங்கின.
படுக்கை விரிப்பை உதறினால்
உதிர்ந்த பொருக்குகள், தினை அளவே.

ஸாவ்ரெஷ் வந்திறங்கியதும்
பையைக்கூட வைக்காமல் மகளை வெளிச்சத்தில் நிறுத்தி
உச்சி முதல் உள்ளங்கால்வரை மறுபடி எண்ணினாள்.
என் கணக்கை அவள் நம்புவதில்லை.
சரிதான் என்றாள் கடைசியில்.
பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பினாள்.
மணிக்கட்டில் ஒரு பச்சைப் புள்ளி.
சிந்தியது, என்றேன்.
சோப்புப் போட்டும் போகவில்லை.

"உனக்குச் சின்ன வயசில் வந்திருக்கா?"

கேட்டுச் சொல்ல
எங்கள் வீட்டில் இப்போது யாரும் இல்லை.
சட்டையைக் கழுத்துவரை தூக்கிக்கொண்டு
ஜன்னலருகே நின்றேன்.
குளிர்ந்தது.